குளத்தில் நீர்க்கோலி: அடிப்பதா, விடுவதா?

8 ஜூன் 2024, இரவு

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதிதாக வெட்டிய மீன்குளத்தில் உடம்பெல்லாம் கட்டம் போட்ட தண்ணீர்ப் பாம்புகள் சேர்ந்துவிட்டன. விட்ட குஞ்சில் பாதியைக் காணோம். கோலால் தட்டினால் கழுத்தைப் பரப்பிச் சீறுகிறது. பக்கத்துத் தோட்டக்காரர், இது நல்ல பாம்போடு சேர்ந்த கலப்பு, விஷம் உண்டு என்கிறார். ஆள் வைத்து அடித்துவிடலாமா?"

அடிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது நீர்க்கோலி. பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் தண்ணிப்பாம்பு என்போம். மலையாளத்தில் நீர்க்கோலி, சில ஊர்களில் புளவன். விஷப்பல் கிடையாது. நல்ல பாம்பு வேறு குடும்பம், இது வேறு குடும்பம். இரண்டும் கூடிக் குட்டி பிறக்க வழியே இல்லை. சாரைக்கும் நல்ல பாம்புக்கும் முடிச்சுப் போடும் கதை நம் ஊரில் பழையது. நீர்க்கோலிக்கும் அதே கதையை ஒட்டவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கழுத்தைப் பரப்புவது மிரட்டல். மூலையில் மடக்கினால் கழுத்தைத் தட்டையாக்கி, தலையைக் கொஞ்சம் தூக்கி, பாய்ந்து கடிக்கவும் செய்யும். சாதுவான பாம்பு என்று நான் சொல்லமாட்டேன். கையில் பிடித்தால் கடிக்காத நீர்க்கோலி அபூர்வம். ஆனால் கடியில் உயிர்போகும் விஷம் இல்லை.

மீன்குஞ்சு விஷயத்தை நாளை எழுதுகிறேன். அதில் உங்கள் கவலை நியாயமானது.

9 ஜூன் 2024

குஞ்சு எவ்வளவு பெரிதாக இருந்தபோது விட்டீர்கள்? நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், விரல் நகம் அளவுக் குஞ்சை வாங்கி அப்படியே குளத்தில் கொட்டியிருப்பீர்கள். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், விலை குறைவு என்பதால். அந்த அளவுக் குஞ்சைத் தின்ன வரிசையில் நிற்பவை பல. தட்டான் புழு, நீர்வண்டு, தவளை, விரால், மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம், அப்புறம்தான் பாம்பு. நீர்க்காகம் ஒரு கூட்டம் காலையில் வந்து போனால் போதும். நாம் பார்ப்பது பாம்பை மட்டும், அதுதான் கரையில் படுத்து வெயில் காய்கிறது.

நீர்க்கோலி மீன் தின்னாது என்று சொல்லவில்லை. மீனும் தவளையும்தான் அதன் சாப்பாடு. சிறு வயதில் தலைப்பிரட்டையும் குட்டித் தவளையும். பகலிலும் வேட்டையாடும், இரவிலும் வேட்டையாடும். ஆனால் அதன் வாய்க்கு ஓர் அளவு உண்டு. குஞ்சு ஒரு விரல் நீளம் தாண்டி, வேகமாக நீந்தவும் பழகிவிட்டால் பாம்பின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது: குளத்துக்குள்ளேயே நான்கு மூங்கில் நட்டு ஹாப்பா கட்டுங்கள். கொசுவலை மாதிரி நெருக்கமான துணிப் பெட்டி அது, மீன் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். குஞ்சை அதில் வளர்த்து, விரல் அளவு வந்த பின் குளத்தில் விடுங்கள். நான் இப்படி மாற்றிய பிறகு பாம்பைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

9 ஜூன் 2024, கொஞ்சம் கழித்து

ஜிலேபி மீன் (திலாப்பியா) வளர்க்கிறீர்களா, கட்லா ரோகுவா என்பதும் முக்கியம். விட்டுப்போயிற்று.

ஜிலேபிக் குளத்தில் உண்மையான தொல்லை குஞ்சு குறைவது அல்ல, கூடுவது. ஆணும் பெண்ணும் கலந்து விட்டால் சில மாதத்திலேயே முட்டையிட்டுக் குளம் நிறைந்துவிடும். தீனி எல்லாவற்றுக்கும் பங்காகி ஒரு மீனும் எடை ஏறாது. அப்படிப்பட்ட குளத்தில் நீர்க்கோலி தின்னும் பொடிக்குஞ்சு உங்களுக்கு நட்டமே அல்ல.

14 ஜூன் 2024

பலர் கேட்டது ஒன்றே: நீர்க்கோலியையும் நல்ல பாம்பையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? படமெடுத்த நல்ல பாம்பு உடம்பின் முன்பகுதியையே நிமிர்த்தி நிற்கும். கழுத்தின் நீண்ட விலா எலும்புகள் விரிந்து படம் அகலமாகும். நீர்க்கோலி அந்த உயரத்துக்கு எழாது, கழுத்து கொஞ்சம் தட்டையாகும், அவ்வளவே. நீர்க்கோலியின் கண்ணுக்குக் கீழேயும் பின்னேயும் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். மை கலைந்து வழிந்த மாதிரி இருக்கும். உடம்பில் மஞ்சள் அல்லது பாசிப்பச்சைத் தரையில் கறுப்புக் கட்டங்கள். செதில்களின் நடுவே மெல்லிய மேடு உண்டு, அதனால் உடம்பு சொரசொரவென்று தெரியும். நல்ல பாம்பின் செதில் வழவழப்பு.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் குனிந்து கோடு பார்க்கப் போகவேண்டாம். நீர்க்கோலிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. கட்டமே மங்கிப்போய் வெறும் பழுப்பாக இருப்பவை உண்டு, சிவப்புப் பூசியது போல இருப்பவையும் உண்டு. நல்ல பாம்பிலும் படத்தின் மேல் கண்ணாடிக் குறி சிலவற்றுக்கு மங்கலாக இருக்கும். குறி இல்லை, ஆகவே நல்ல பாம்பு இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து. சேற்றில் புரண்டு வந்த பாம்பு எதுவானாலும் ஒரே நிறம்தான்.

அடையாளம் என்பது தூரத்திலிருந்து மனம் அமைதியாவதற்கு. கிட்டப் போவதற்கு அல்ல.

15 ஜூன் 2024

கோவிந்தாபுரத்து வாசகர், "எங்கள் வாய்க்காலில் கட்டமே இல்லாத, பச்சை கலந்த பழுப்புப் பாம்பு உண்டு, அதுவும் நீர்க்கோலியா?" என்கிறார். அது பெரும்பாலும் வேறு இனம். மேலே ஒரே நிறம், அடிவயிறு மஞ்சள், மூக்குத்துளை தலையின் மேல்பக்கமாகத் தள்ளி இருக்கும். தண்ணீரிலிருந்து மூக்கை மட்டும் நீட்டி மூச்சுவிட அந்த அமைப்பு. அதற்கும் விஷம் இல்லை, நீர்க்கோலியை விடச் சாது.

கேரளத்துக்கே உரிய இன்னொரு நன்னீர்ப் பாம்பும் இருக்கிறது. குட்டநாடு, திருச்சூர்க் கோள் நிலம் போன்ற தாழ்ந்த சதுப்பு வயல்களில் வாழ்வது, முட்டையிடாமல் குட்டி போடுவது. 1854இல் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நம் சித்தூர் வறண்ட பூமி, இங்கே அதைப் பார்க்க முடியாது. கோள் நிலத்துக்கு யாராவது போனால் கரையோரம் நின்று பாருங்கள்.

2 ஜூலை 2024

மழை பிடித்துவிட்டது, வயலில் நடவு. இந்த மாதங்களில்தான் நிறையப் பேர் கடிபடுகிறார்கள், அதனால் இதை விரிவாக எழுதுகிறேன். என் வீட்டில் நடந்தது.

என் சித்தப்பா மகன் மடை திறக்க இரவில் வரப்பில் போனான். வெறுங்கால். காலில் சுருக்கென்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் வாய்க்கால் தண்ணீரில் ஒரு நீர்க்கோலி நெளிந்து போகிறது. "தண்ணிப்பாம்புதான், விடுங்க" என்று வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். என் சித்தி மட்டும் விடவில்லை. "எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரியில போய் உக்காரு, நான் வர்றேன்" என்று அவனை ஆட்டோவில் ஏற்றினாள்.

அங்கே ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. அதற்குள் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி விரியன். வரப்பில் கிடந்த விரியன் கடித்திருக்கிறது, வாய்க்காலில் தற்செயலாகப் போன நீர்க்கோலியை இவன் பார்த்திருக்கிறான். விஷமுறிவு மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

கடித்த பாம்பு ஒன்று, பார்த்த பாம்பு இன்னொன்று. வயலில் இது நடக்கும். தவளை இருக்கும் இடத்தில் நீர்க்கோலி, எலி இருக்கும் இடத்தில் விரியனும் நல்ல பாம்பும். நம் வயலில் தவளையும் எலியும் ஒரே வரப்பில்தான் இருக்கின்றன.

நீர்க்கோலியைக் கொல்லாதீர்கள் என்று எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்கிறேனோ, அதே உறுதியோடு இதையும் சொல்கிறேன்: கடித்தது நீர்க்கோலிதான் என்று நூறு சதவீதம் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நீர்க்கோலி கடிச்சாலும் அத்தாழம் முடங்கும்" என்று மலையாளத்தில் ஒரு பழமொழி இருக்கிறது, நீர்க்கோலி கடித்தாலும் இரவுச் சாப்பாடு தடைபடும் என்று. அற்பமானவன் நினைத்தாலும் நமக்கு இடைஞ்சல் செய்ய முடியும் என்ற பொருளில் சொல்வார்கள். நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சோறு போகட்டும்.

3 ஜூலை 2024

"கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டாமா?" வேண்டாம். கீறவும் வேண்டாம், வாய் வைத்து உறிஞ்சவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போலப் பலகை வைத்து அசையாமல் வையுங்கள். மோதிரம், கொலுசு, மெட்டி இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். நடக்க விடாதீர்கள், பைக்கில் நடுவில் உட்காரவைத்தாவது கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோகும் வேலை வேண்டவே வேண்டாம். அந்த முயற்சியில் இரண்டாவது ஆள் கடிபட்ட வீடு எனக்குத் தெரியும்.

கட்டுவிரியன் பற்றித் தனியாக ஒரு வரி. மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன் என்பார்கள். அது பெரும்பாலும் இரவில், தூங்குபவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை சரிவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் பாம்புக்கடி என்று யாருக்கும் தோன்றாது. தரையில் படுக்காதீர்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள்.

11 ஜூலை 2024

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் அம்மாவை ஏதோ பாம்பு கடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், "ஊசி போடாமல் ஒரு நாள் முழுக்கச் சும்மா படுக்க வைத்திருந்தார்கள்" என்கிறார்.

அவர் மனநிலை புரிகிறது. ஆனால் அங்கே செய்தது சரியான வைத்தியம். விஷமுறிவு மருந்து குதிரையின் உடம்பில் உருவாக்கி எடுப்பது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால்தான் ஏற்றுவார்கள். அதுவரை 24 மணி நேரம் பார்வையில் வைத்து, ரத்தம் உறைகிறதா, இமை சரிகிறதா, வீக்கம் ஏறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள் என்றால், கடித்தது நீர்க்கோலி மாதிரி ஒன்றாக இருக்கலாம், அல்லது விஷப்பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கலாம். அதுவும் உண்டு.

அந்த மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மலைப்பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் முழமூக்கன் என்ற குழிவிரியன் கடிக்கு இது வேலை செய்யாது. நெம்மாறை, கொல்லங்கோட்டு மலையடிவாரத்து ஆட்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த பாம்பின் உருவத்தை டாக்டரிடம் சொன்னால் போதும், முடிவு அவருடையது.

12 ஜூலை 2024

நேற்றைய குறிப்புக்குத் தொடர்ச்சி. அந்த மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டார். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978 முதல். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் இருளர்களில் பலருக்குப் பாம்புத்தோல் வியாபாரம்தான் பிழைப்பு. தோல் ஏற்றுமதிக்கு 1970களில் தடை வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று, பாம்பு பிடிக்கும் அறிவு இருந்தது. அதைப் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் இப்படித் திருப்பிவிட்டார். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சித்தூரில் உயிர் பிழைத்த என் தம்பியின் உடம்பில் ஓடிய மருந்து அந்தச் சமூகத்தின் கையிலிருந்து தொடங்கியது என்று நினைக்கும்போது அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

தோல் வியாபாரத்தில் நீர்க்கோலியும் தப்பவில்லை. வெளிநாட்டு வணிகத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டுப் பட்டியலில் இந்தியா இதைத் தன் பெயரில் சேர்த்திருக்கிறது. உள்நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆள் வைத்து அடிப்பது குற்றம். முதல் நாளே இதை எழுதியிருக்கலாம், ஆனால் சட்டத்துக்குப் பயந்து விடுவதை விடப் புரிந்துகொண்டு விடுவது நீடிக்கும் என்பது என் எண்ணம்.

18 ஆகஸ்ட் 2024

2018 வெள்ளம் நினைவுக்கு வருகிறது. இதே ஆகஸ்ட். மலம்புழை அணையைத் திறந்ததும் கல்பாத்திப் புழை கரை தாண்டியது. பாலக்காட்டில் ஆற்றோரம் இருக்கும் என் அத்தை வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு சுத்தம் செய்யப் போனோம். அலமாரிக்கு அடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், தோய்க்கும் கல் இடுக்கில் என்று பாம்புகள். பெரும்பாலும் நீர்க்கோலி. நல்ல பாம்பும் ஒன்று இருந்தது, கொல்லைப்புறத்து விறகுக் குவியலில்.

அன்று தெருவில் அடித்துப் போட்ட குவியலைப் பார்த்தேன். கட்டம் போட்டவை, கட்டம் போட்டவை, அதற்குள் ஒரு சாரை. பயத்தில் செய்தார்கள், குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவற்றில் பாதியாவது குச்சியால் வாசல் பக்கம் ஒதுக்கிவிட்டால் தானே ஆற்றுக்குப் போயிருக்கும்.

இப்போது கேரள வனத்துறைக்கு சர்ப்பா என்று ஒரு செயலி இருக்கிறது. பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிய ஆட்கள் மட்டும்தான் பாம்பு பிடிக்கலாம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அது காட்டும், கூப்பிட்டால் வருவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரம், ஆனைமலை ஆட்கள் தீயணைப்புத் துறையை அழைக்கலாம்.

21 செப்டம்பர் 2024

வலை. இந்தத் தொடரில் நான் எழுதியதிலேயே எனக்கு அதிகம் மனசு கனப்பது இது.

நம் ஏரியிலும் குளத்திலும் நீர்க்கோலி சாவது கம்படியால் மட்டும் அல்ல. தங்கூஸ் வலையால். கண்ணுக்குத் தெரியாத நைலான் இழையில் செய்த வலையைச் சாயங்காலம் கட்டிவிட்டு விடிந்ததும் எடுக்கிறோம். வலையில் மாட்டித் துடிக்கும் மீனைப் பார்த்து நீர்க்கோலி வருகிறது. தலை கண்ணிக்குள் போகிறது, செதில்களின் மேடு பின்னால் வர விடாது. முறுக்க முறுக்க இன்னும் இறுகும். பாம்புக்குச் செவுள் இல்லை, நுரையீரல். தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விட்டே ஆகவேண்டும். மாட்டிய இடம் அடியில் என்றால் மூழ்கிச் சாகிறது. மீனைப் பிடிக்க வைத்த வலையில் தண்ணீர்ப் பாம்பு தண்ணீரிலேயே மூச்சடைத்துச் சாவதை நான் பலமுறை கையால் அறுத்து எடுத்திருக்கிறேன்.

முட்டை நிறைந்த பெண் பாம்பு ஒன்றை அப்படி எடுத்த காலையில்தான் இரவு வலை கட்டுவதை நிறுத்தினேன். இப்போது வீச்சுவலை, அல்லது கூடவே இருந்து பார்க்கும் நேரத்தில் மட்டும் கட்டுவலை. மீன் கொஞ்சம் குறையும். வலை கிழிவதும் குறையும், வலைக்காசு மிச்சம்.

கிழிந்த வலையைக் கரையில் போட்டு வைக்காதீர்கள். கோழிக்கும் காய்கறிப் பாத்திக்கும் வேலியாகக் கட்டாதீர்கள். அதில் நீர்க்கோலி, சாரை, உடும்புக் குட்டி, சில நேரம் நல்ல பாம்பும் சிக்கி வெயிலில் வெந்து சாகும். வேலி வேண்டுமென்றால் நெருக்கமான பச்சை நிழல்வலையை அடியில் மண் போட்டு மூடிக் கட்டுங்கள், அந்தப் பொடிக்கண்ணில் தலை நுழையாது.

22 செப்டம்பர் 2024

"உயிரோடு மாட்டினால் நாமே அறுத்து விடலாமா?" என்ன பாம்பு என்று உங்களுக்குச் சந்தேகம் துளி இருந்தாலும் தொடாதீர்கள், சர்ப்பா ஆளைக் கூப்பிடுங்கள். வெயில் படாமல் மேலே ஈரச் சாக்கை லேசாகப் போட்டு வையுங்கள், அதுவரை தாங்கும். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. நீர்க்கோலி வாலைப் பிடித்தால் உடம்பைச் சுழற்றி முறுக்கி வாலை முறித்துக்கொண்டு ஓடும். பல்லிக்கு முளைப்பது போல இதற்குத் திரும்ப முளைக்காது. எங்கள் குளத்தில் மொட்டைவால் பாம்புகள் இருக்கின்றன, கொக்கிடமோ பையன்களிடமோ தப்பியவை.

9 அக்டோபர் 2024

மயில் பற்றி ஒருவர் கேட்டார், "மயில் பெருகினால் பாம்பு ஒழியுமா?" சித்தூர்ப் பக்கம் மயில் பெருகியிருப்பது உண்மைதான், நாற்றங்காலில் வந்து நெல்லைக் கொத்துவதைப் பார்த்து நானும் வயிறெரிகிறேன். மயில் சின்னப் பாம்பைத் தின்னும், நீர்க்கோலிக் குஞ்சும் அதில் அடக்கம். கீரி, குடுமிப் பருந்து, செந்நாரை, விரால் என்று தின்ன ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். அதனால்தான் அத்தனை முட்டை இடுகிறது. 30 முதல் 70 வரை சாதாரணம், அதற்கு மேலும் போவது உண்டு. தின்னப்பட்டு மிஞ்சுவதற்கான கணக்கு அது. வலையும் பூச்சிமருந்தும் அந்தக் கணக்கில் இல்லை.

14 நவம்பர் 2024

தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக இந்த மாதம் அறிவித்திருக்கிறார்கள். கர்நாடகம் இந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே செய்துவிட்டது. இனி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும்.

இது ஏன் நம் எல்லைக்காரர்களுக்கு முக்கியம் என்றால், கொழிஞ்சாம்பாறையில் கடிபட்டவர் பாலக்காட்டுக்கும் போவார், பொள்ளாச்சிக்கும் போவார், கோயம்புத்தூருக்கும் போவார். எந்தக் கணக்கிலும் சரியாக விழமாட்டார். வீட்டிலேயே மந்திரிக்கப் போய் இறந்தவர் எதிலும் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தில், மழைக்காலத்தில், வீட்டிலேயே. 2030க்குள் சாவைப் பாதியாக்க மத்திய அரசு இந்த மார்ச்சில் ஒரு செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. மருந்து எந்த ஊரில் எவ்வளவு வைக்கவேண்டும் என்று தெரியக் கணக்கு வேண்டும், அதனால் இந்த அறிவிப்பை மனமார வரவேற்கிறேன்.

15 டிசம்பர் 2024

வேலந்தாவளத்துக்காரர் எழுதியிருந்தார்: ஹாப்பா கட்டி இரண்டாம் முறை விட்ட குஞ்சு நன்றாக நிற்கிறதாம், பாம்பும் நிற்கிறதாம். கரையோரப் புல்லை மொத்தமாகச் செதுக்கிவிட்டால் பாம்பு போகுமா என்று கேட்கிறார். போகும், தவளையும் தட்டானும் சேர்ந்து போகும். கரை மழையில் சரியும். ஆள் நடக்கும் பக்கம் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குப் புல்லைக் குறையுங்கள், கால் வைக்கும் இடம் தெரியட்டும். எதிர்க்கரையை விட்டுவிடுங்கள். பண்ணைத் தீனியைச் சிந்தவிடாதீர்கள், அதற்கு எலி வரும், எலிக்கு விரியன் வரும். உங்கள் குளத்தில் நான் அஞ்சும் பாம்பு தண்ணீரில் இல்லை, தீனி மூட்டை வைத்திருக்கும் கொட்டகையில்தான்.

19 ஜனவரி 2025

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு கேள்வி: "பிப்ரவரியில் ஏரியைத் தூர் வார ஜேசிபி பேசியிருக்கிறோம். கரை வளையில் பாம்பு முட்டை இருந்தால் என்ன செய்வது?"

இப்படிக் கேட்க ஓர் ஆள் இருப்பதே சந்தோஷம். நம் சித்தூர்ப் புழைக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விடவேண்டும் என்பது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். அந்தத் தண்ணீர் மூலத்தறை வழியாக வாய்க்காலில் வரும்வரை ஏரியில் ஈரம் இருக்கும். நின்றதும் மாசி, பங்குனியில் ஏரி சுருங்கிவிடும், நீர்க்கோலிகள் மிச்சம் இருக்கும் குட்டையில் கூடும் அல்லது கரை வளைக்குள் ஒடுங்கும். தூர் வாரவும் அந்த நேரம்தான் தோது. முட்டை இடுவதும் ஏறத்தாழ அதே பருவம்.

எலி வளை, நண்டு வளை, கற்குவியல் இடுக்கு, இவற்றில் முட்டை இருக்கும். தோல் மாதிரி மெத்தென்ற வெள்ளை முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிய குவியல். பெண் பாம்பு மேலே சுருண்டு கிடக்கும், முட்டையை விட்டு எளிதில் நகராது. நான் பார்த்த ஒன்று, மண்வெட்டி பக்கத்தில் விழுந்தும் போகவில்லை, கழுத்தைப் பரப்பிக்கொண்டு அங்கேயே இருந்தது. வழக்கமாகத் துள்ளி ஓடும் பாம்பு அது.

முட்டையை எடுத்து வேறிடத்தில் வைக்கலாமா என்றால், வேண்டாம். புரட்டினால் உள்ளே கரு கெடலாம், ஈரமும் சூடும் மாறினாலும் கெடும். பொரிய ஏறத்தாழ 2 மாதம் ஆகும். ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் காலையில் கரையை நடந்து பாருங்கள், காலில் பூட்ஸ், கையில் நீளக் கம்பு, வளைக்குள் கை விடக் கூடாது. பாம்பு இருக்கும் வளை தெரிந்தால் அந்த இடத்தில் இரு பக்கமும் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டுங்கள். ஓட்டுநரிடம் நேரில் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனால் அவர் காதில் விழாது. ஏரி பெரிது, கரையில் நான்கு முழம் இந்த ஆண்டு தூர் வாராமல் நின்றால் கொள்ளளவில் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த நான்கு முழத்தை வைகாசியில் ஆள் வைத்து மண்வெட்டியால் சரி செய்துகொள்ளலாம், அதற்குள் குஞ்சுகள் போயிருக்கும்.

ஜேசிபியை எந்தத் தேதிக்குப் பேசியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த வாரம் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, கரையை நானும் வந்து பார்க்கிறேன்.